கடலை தெரியும்... கடல் தெரியுமா?

ஹாஸ்டல்ல புதுசா யாராவது வந்து "நீ எந்த ஊருப்பா?"ன்னு கேட்டா, "புதுக்கோட்டை"ம்பேன். "அங்க பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"ன்னு அடுத்த கேள்வி வரும். சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டுன்னு ஸ்கூல்ல டூர் கூட்டிட்டுப் போன வரிசையிலேயே ஒப்பிப்பேன். ஒருநாள் எதிர்க் கட்டில்ல படுத்திருந்த நம்ம ஆளு எழுந்து உட்கார்ந்து, "கடலை ஏன்டா விட்டுட்ட?"ன்னான்.

"கடலையா? ஆலங்குடிப் பக்கம் நல்லா விளையும்டா"ன்னு சொன்னேன். ரூமே சிரிச்சுது. அவன் மட்டும் சிரிக்கலை. "கடல்டா... கடல்! எங்க வீட்டு வாசல்ல இருக்கு. எங்க வீடும் புதுக்கோட்டை மாவட்டம்தான்."

வாங்கினேன் பாஸ் ஒரு பல்பு! இருபது வருஷமா அந்த மாவட்டத்துல இருக்கேன். கடல் பார்க்கணும்னா வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போயிருக்கேன். நம்ம மாவட்டத்துக்குச் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை இருக்கு. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு பேரெல்லாம் பஸ் போர்டுல பார்த்திருக்கேன். அதுல பாதிப் பேர் 'பட்டினம்'னு முடியுதேன்னு ஒருநாள் கூட யோசிச்சதில்ல. கடலை போடத் தெரிஞ்ச அளவுக்குக் கடல் தெரியலை!

இதுக்கு ஒரு சாக்கு இருக்கு. அது சரித்திரத்துல இருக்கிறதால கொஞ்சம் கௌரவமான சாக்கு. தொண்டைமான் ராஜாக்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. சுத்திலும் நிலம்தான். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சு திருச்சி மாவட்டத்துக்குள்ள போச்சு. 1974 ஜனவரி 14, பொங்கல் அன்னைக்கு, திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பகுதிகளைப் பிரிச்சுப் புதுக்கோட்டை மாவட்டம் உண்டாச்சு. அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூர்க்காரங்களா இருந்தவங்க நம்ம மாவட்டத்துக்கு வந்தாங்க. அவங்களோட கடலும் வந்துது. அதாவது நம்ம மாவட்டத்துக்குக் கடல் பொங்கல் சீரா வந்தது! டவுன்ல இருக்கிற எங்க வீட்டுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வரலை.

சரி, இந்த வாரம் போயே பார்த்துடுறதுன்னு நம்ம ஆளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். டார்கெட் கலங்கரை விளக்கம். ஏன்னா கடற்கரைன்னு எழுதினா "அலை வந்து காலைத் தொட்டது"ன்னு ஆரம்பிச்சுடுவேன்னு எனக்கே பயம்!

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, அங்கிருந்து கட்டுமாவடி. காலையில போய் இறங்கினா மீன் மார்க்கெட் ஜேஜேன்னு இருக்கு. மே மாசம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்கிற நேரம்னு விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. நம்ம ஆளோட அப்பா வள்ளத்துல நண்டு வலை போடுறவர். நாங்க போனப்போ வலையிலிருந்து நண்டைக் கழட்டிக்கிட்டு இருந்தார். "வாங்க தம்பி. மொதல்ல போய் மனோராவைப் பார்த்துட்டு வாங்க. சாயந்திரம் பேசுவோம்"ன்னு அனுப்பி வச்சார்.

மனோரா இப்போ தஞ்சாவூர் மாவட்டத்துல இருக்கு. ஆனா நான்தான் சொன்னேனே, 1974 வரைக்கும் இந்தக் கரை முழுக்க ஒரே மாவட்டம். கடல்ல இருக்கிறவங்களுக்கு இப்பவும் ஒரே கரைதான். கட்டுமாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே போனா சேதுபாவாசத்திரம் தாண்டி சரபேந்திரராஜன்பட்டினம். மெயின் ரோட்டுல இறங்கிக் கடலைப் பார்த்து நடக்கணும். ரெண்டு பக்கமும் தென்னை. நடக்க நடக்க மரங்களுக்கு மேல ஒரு கோபுரம் நீண்டுக்கிட்டே வருது. கோயிலும் இல்ல, மசூதியும் இல்ல, கோட்டையும் இல்ல, ஆனா மூணு சாயலும் இருக்கு. ஆறு பக்கம், எட்டு மாடி, அடுக்கடுக்கா வளைவு ஜன்னல். சுத்தி மதிலும் அகழியும். 'மினார்'ங்கிற வார்த்தைதான் நம்ம வாயில உருண்டு 'மனோரா' ஆயிடுச்சாம்.

இதைக் கட்டினவர் தஞ்சாவூர் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகத்துக்கு அள்ளி அள்ளிப் புத்தகம் சேர்த்தாரே, அவரேதான். ஏன் கட்டினார்? பிரிட்டிஷ்காரங்க நெப்போலியனை ஜெயிச்சதைக் கொண்டாட! பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள நெப்போலியனுக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்பீங்க. நானும் கேட்டேன்.

1798-ல் பட்டத்துக்கு வந்தார் சரபோஜி. அடுத்த வருஷமே, 1799-ல் ஓர் ஒப்பந்தம். தஞ்சாவூர் ராஜ்ஜியத்தோட நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்காரங்க கைக்குப் போச்சு. ராஜாவுக்கு மிச்சம் தஞ்சாவூர்க் கோட்டையும் அதைச் சுத்தி கொஞ்சமும் தான். அந்த ராஜாதான் பல மொழியில கல்வெட்டு வச்சு, 'பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நண்பரான சரபோஜி, அவர்களுடைய வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பியது'ங்கிற அர்த்தத்துல எழுதி வச்சார். படிக்கிறப்போ கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துது. ராஜ்ஜியத்தை வாங்கிக்கிட்டவனோட ஜெயிப்புக்கு நாம பேனர் கட்டுற மாதிரி. ஆனா, கத்தியில்லாத ராஜா வேற எப்படிப் பிழைச்சிருக்க முடியும்னும் தோணுது. மிச்சமிருந்த அதிகாரத்துல அவர் நூலகமும் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தினார். அந்த மனுஷனைத் திட்டுறதா பாராட்டுறதான்னு எனக்கு முடிவுக்கு வர முடியலை. நீங்க போய் நின்னு பார்த்துட்டுச் சொல்லுங்க.

ஒரு சின்ன துப்பறியும் வேலை. மனோராவைப் பத்தி யாரைக் கேட்டாலும் "வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டினது"ன்னு சொல்வாங்க. கல்வெட்டுல இருக்கிற வருஷம் 1814. வாட்டர்லூ சண்டை நடந்தது 1815 ஜூன் 18. நடக்காத சண்டைக்கு யார் நினைவுச்சின்னம் வைப்பாங்க? 1814 ஏப்ரல்ல நெப்போலியன் முதல் தடவை முடியைத் துறந்து எல்பா தீவுக்குப் போனானே, கல்வெட்டு சொல்ற வீழ்ச்சி அதுவாத்தான் இருக்கணும். அந்தச் சேதி கப்பல்ல மாசக்கணக்கா மிதந்து தஞ்சாவூர் வந்து, ராஜா கொண்டாடி, கொத்தனார் சுண்ணாம்பு குழைச்சு முடிக்கிறதுக்குள்ள, அங்க நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பிச்சுத் திரும்பவும் பாரிஸ்ல வந்து உட்கார்ந்துட்டான்! 1815 மார்ச். நம்ம ஊர் கோபுரம் பாட்டுக்கு அவன் 'வீழ்ந்துட்டான்'னு சொல்லிக்கிட்டு நிக்குது. நல்லவேளை, நூறு நாள்ல நிஜமாவே வீழ்ந்தான். இல்லேன்னா கல்வெட்டைச் சுரண்ட வேண்டியிருக்கும்!

இந்த நூறு நாள் கதையில இன்ஜினீயரிங் பசங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார். அகஸ்டின் ஃப்ரெனெல். பிரான்ஸ்ல ரோடு போடுற சிவில் இன்ஜினீயர். (நானும் சிவில்தான். சும்மா சொல்லி வச்சேன்!) நெப்போலியன் திரும்பி வந்தப்போ அவனை எதிர்த்துப் போய் நின்னார். வேலை போச்சு, போலீஸ் கண்காணிப்பு. வேலையில்லாம அம்மா வீட்டுல இருந்த அந்தச் சமயத்துலதான் ஒளி எப்படி வளையுதுன்னு சோதனை பண்ணி விளையாடினார். அது எங்க கொண்டுபோய் விட்டுது தெரியுமா? 1823-ல் பிரான்ஸோட கோர்துவான் கலங்கரை விளக்கத்துல அவரோட லென்ஸ் முதல்முறையா எரிஞ்சுது. ஒரே குண்டு கண்ணாடியா செஞ்சா டன் கணக்குல கனக்கிற லென்ஸை, வளையம் வளையமா சீவி மெல்லிசாக்கினார். சின்ன விளக்கு, ஆனா அதோட வெளிச்சம் சிதறாம ஒரே கத்தையா அடிவானம் வரைக்கும் போகும். ஃபிசிக்ஸ்ல ரெண்டு மார்க் கேள்வியா வர்ற அதே ஃப்ரெனெல்! 39 வயசுல காசநோய்ல செத்துட்டார். நெப்போலியன் வீழ்ந்ததுக்கு இங்க கோபுரம் இருக்கு. நெப்போலியனால வேலை போனவர் புண்ணியத்துல உலகம் பூரா கோபுரத்து மேல விளக்கு இருக்கு.

மனோராவுல விளக்கு இருந்துதா? கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டுதுன்னுதான் இந்தப் பக்கம் எல்லாரும் சொல்றாங்க. இப்போ விளக்கு இல்லை. உள்ளே வளைஞ்சு வளைஞ்சு போற படி. எதுவரைக்கும் விடுறாங்களோ அதுவரைக்கும் ஏறிப் பார்த்துடுங்க. ஒரு பக்கம் ஜன்னல்ல பச்சை, இன்னொரு பக்கம் ஜன்னல்ல நீலம். அந்தப் பச்சையில இடையிடையே இளம் மரம்தான் அதிகமா தெரியுது. 2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கமெல்லாம் தென்னை கொத்துக் கொத்தா சாய்ஞ்சுது. டிவியில பார்த்திருப்பீங்க. தென்னை திரும்பக் காய்க்கிறதுக்கு வருஷக்கணக்கு ஆகும். இன்னும் அந்தக் கணக்கு முடியாத வீடுங்க இங்க நிறைய.

மேல நின்னப்போ எனக்குள்ள இருந்த சிவில்காரன் முழிச்சுக்கிட்டான். இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரியும்? பித்தாகரஸ் போதும் பாஸ். பூமி உருண்டை. உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் போட்டு, 3.57-ஆல பெருக்கினா அடிவானம் எத்தனை கிலோமீட்டர்னு வந்துடும். மனோராவுக்குச் சுற்றுலா விவரங்கள்ல போட்டிருக்கிற உயரம் 75 அடி. அதாவது சுமார் 23 மீட்டர். கணக்குப் போட்டா 17 கிலோமீட்டர். அங்க வள்ளத்துல ஒருத்தர் எழுந்து நிக்கிறார், அவர் கண்ணு தண்ணியிலிருந்து 2 மீட்டர் உயரம்னு வைங்க. அவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டர். ரெண்டையும் கூட்டு. 22 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற மனுஷனுக்கு இந்தக் கோபுரத்தோட உச்சி தண்ணிக்கு மேல ஒரு புள்ளியா எட்டிப் பார்க்கும். விளக்கு உயரத்துல இருக்கணும்ங்கிறதுக்கு அழகு காரணம் இல்ல, பூமியோட வளைவுதான் காரணம்.

"உங்க அப்பா வலை போடுற இடத்துக்கு இது தெரியுமாடா?"ன்னேன். நம்ம ஆளு மேப்புல அளந்து பார்த்தான். கட்டுமாவடிக்கும் மனோராவுக்கும் நேர்கோட்டுல கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். "தெரியும்னுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை"ன்னான். பொறந்ததிலிருந்து கடல் பக்கத்துலயே இருக்கிறவன் அப்பாகிட்ட இதைக் கேட்டதே இல்லை. எனக்குக் கொஞ்சம் சமாதானமா இருந்துது!

கீழ இறங்கி மல்லிப்பட்டினம் பக்கமா கரையோரம் நடந்தோம். கொஞ்ச தூரம்தான். மெரினா மாதிரி நினைச்சுக்கிட்டு வந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. இது பாக் நீரிணை. எதிர்ல இலங்கை மறிச்சு நிக்கிறதால அலையே கிடையாது. ஏரி மாதிரி தளதளன்னு கிடக்கு. ஆழமும் குறைவு. கரையில மணலைவிடச் சேறு அதிகம். செருப்பைக் கையில எடுத்துக்கணும், இல்லேன்னா சேறு எடுத்துக்கும் (அனுபவம்!). ஓரமெல்லாம் காஞ்ச புல்லு மாதிரி ஒதுங்கிக் கிடக்கு. குப்பைன்னு நினைச்சுத் தாண்டிப் போயிட்டேன். "அது கடல்புல்லு. ஆவுளியா திங்கும்"ன்னான் நம்ம ஆளு. ஆவுளியான்னா கடற்பசு. பெருசா, பசு மாதிரி சாதுவா கடலுக்குள்ள புல் மேயுற ஜீவன். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பர்ல தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சுது. இந்தியாவிலேயே முதல் கடற்பசுப் பாதுகாப்பகம். அந்தப் பெருமையும் நமக்குத் தெரியாது!

மல்லிப்பட்டினம் துறைமுகத்துல விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடந்துது, தடைக்காலம். பெயின்ட் அடிக்கிறாங்க, பலகை மாத்துறாங்க, வலை கோக்குறாங்க. செமஸ்டர் லீவுல ஹாஸ்டல் இருக்கிற மாதிரி ஒரு களை. ஒரு டீயைக் குடிச்சுட்டு பஸ் பிடிச்சுக் கட்டுமாவடி திரும்பிட்டோம்.

சாயந்திரம் வள்ளத்து விளிம்புல உட்கார்ந்து அப்பாகிட்ட முதல் கேள்வியே அதுதான். "மனோரா உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம? காலைல வானம் தெளிவா இருந்தா வடக்கே மங்கலா நிக்கும். ரெண்டு அடையாளம் வச்சுத்தானே தம்பி இடம் பார்க்கிறது. ஒரு பெரிய தோப்பும் அதுக்குப் பின்னால இருக்கிற ஒண்ணும் நேரா வந்துச்சுன்னா ஒரு வரி. வேற பக்கம் ரெண்டு நேரா வந்துச்சுன்னா இன்னொரு வரி. ரெண்டும் வெட்டுற இடத்துலதான் நான் போட்ட வலை கிடக்கும். எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு. கஜாவுல தோப்பெல்லாம் போச்சு. மறுநாள் கடல்ல போயி திரும்பிப் பார்த்தா எங்க ஊரே எனக்கு அடையாளம் தெரியல. கரை மொட்டையா கிடக்கு. அந்த மனோரா ஒண்ணுதான் போட்ட இடத்துல அப்படியே நின்னுச்சு."

சர்வேயிங் லேப்ல ரெண்டு கோடு வெட்டுற இடத்தைக் கண்டுபிடிக்கிறதுக்கு வெயில்ல முக்காலியைத் தூக்கிக்கிட்டு மூணு மணி நேரம் அலைஞ்சிருக்கேன். எனக்கு வந்த விடையும் வாத்தியாருக்கு வந்த விடையும் ஒத்துப்போனதே இல்ல. இவர் ஆடுற வள்ளத்துல நின்னு வெறும் கண்ணால அதைப் பண்றார்.

"இப்பத்தான் ஜிபிஎஸ் வந்துடுச்சேப்பா?"

"இருக்கு. ஒருநா ராத்திரி எஞ்சின் நின்னுபோச்சு. என்னத்தைப் பண்ணியும் எடுக்கல. வாடைக்காத்து இழுக்குது. ஜிபிஎஸ்ஸும் போனும் சார்ஜ் இல்லாம அணைஞ்சுபோச்சு. நானும் என் தம்பியும்தான். இருட்டுல தண்ணி எது வானம் எதுன்னு தெரியல. அப்ப கீழ்க்கடைசியில, தெற்கால, மினுக்குன்னு ஒண்ணு. நட்சத்திரமா விளக்கான்னு சந்தேகம். எண்ணிப் பார்த்தேன். விட்டு விட்டு ஒரே கணக்கா வந்துச்சு. அம்மாபட்டினம் லைட் ஹவுஸ். கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்ச பிறகு பயம் போயிடுச்சு. விடியுற வரைக்கும் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். பக்கத்து வள்ளம் வந்து இழுத்துட்டு வந்துச்சு."

நம்ம ஆளு தலையைக் குனிஞ்சு மணலைக் கிளறிக்கிட்டு இருந்தான். இந்தக் கதை அவனுக்கும் புதுசு. "எப்பப்பா இது?"ன்னான். "நீ பன்னெண்டாவது பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தப்ப. சொன்னா படிக்க மாட்டேன்னுதான் சொல்லல."

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசலை.

எண்ணிப் பார்க்கிறதுன்னு அவர் சொன்னதுல விஷயம் இருக்கு மக்களே. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு தனித் தாளம். எத்தனை விநாடிக்கு எத்தனை மின்னல்ங்கிறது பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு வேற வேறயா இருக்கும். வரைபடத்துலயும் அது குறிச்சிருக்கும். நாம ரிங்டோனை வச்சு யார் போன்னு கண்டுபிடிக்கிற மாதிரி, அவங்க மின்னலை எண்ணி எந்த ஊர்னு கண்டுபிடிச்சுடுவாங்க. பகல்ல கோபுரத்தோட உருவமும் அதுல அடிச்ச பட்டையும் அடையாளம். விளக்கே இல்லாத மனோரா பகல்ல கலங்கரை விளக்க வேலை பார்க்கிறது இப்படித்தான்.

தமிழுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. 'கலங்கரை விளக்கம்'ங்கிற வார்த்தையே சிலப்பதிகாரத்துல இருக்கு. ராத்திரியில கப்பலுக்கு வழிகாட்ட உயரமான மாடத்து மேல விளக்கு ஏத்தினதைப் பெரும்பாணாற்றுப்படையும் சொல்லுது. 'கரைதல்'னா அழைக்கிறது. காக்கா கரையுதுன்னு சொல்றோமே, அதே கரைதல்தான். கலத்தைக் கூப்பிடுற விளக்கு! இங்கிலீஷ்ல லைட் ஹவுஸ்னா வெறும் வெளிச்ச வீடு. நம்ம வார்த்தையில ஒருத்தர் கரையில நின்னு "வாப்பா"ன்னு கூப்பிடுறார். 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்குப் பூங்குழலியைத் தெரியும். அவ அப்பா கோடிக்கரை கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கிறவர். அந்தக் கோடிக்கரையில சோழர் காலத்துதுன்னு சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தோட மிச்சம் நின்னுக்கிட்டு இருந்தது. 2004 சுனாமியில அதுவும் விழுந்துடுச்சு. போய்ப் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போட்டவங்களுக்கு இனிமே கிடையாது.

பேச்சு மெதுவா பார்டர் பக்கம் போச்சு. இந்தக் கரையில உட்கார்ந்து அது வராம பேச முடியாது போல. அப்பா கை நீட்டிக் காட்டினார். "கரைக்கு விளக்கு இருக்கு தம்பி. அந்தக் கோட்டுக்கு என்ன இருக்கு? தண்ணிதான் இருக்கு."

கடல் நம்ம மாவட்டத்துக்கு 1974 ஜனவரியில வந்துதுன்னு மேல எழுதினேன். அதே 1974 ஜூன்லதான் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில எல்லைக்கோடு போட்டுக்கிட்டாங்க. கச்சத்தீவு அந்தப் பக்கம் போச்சு. 1976-ல் இன்னொரு ஒப்பந்தம் வந்து, கோடு மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீண்டுது. அதுக்கு முன்னாடி ரெண்டு கரைக்காரங்களும் ஒரே தண்ணியில வலை போட்டவங்க. இன்னைக்கு ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகு இலங்கைக் கடற்படைகிட்ட பிடிபட்ட சேதியைப் பேப்பர்ல பார்க்கிறோம், அடுத்த பக்கம் புரட்டுறோம். நானும்தான். அந்த ஊர் நம்ம மாவட்டம்னு கூடத் தெரியாம புரட்டியிருக்கேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அதையும் அப்பாதான் சொன்னார். "அவங்களும் நம்ம மாதிரிதான். சண்டை முடிஞ்சு இப்பத்தான் கடலுக்கு வர்றாங்க. பெரிய போட்டு போயி மடியை இழுத்தா அவங்க வலை கிழியத்தானே செய்யும்?" இழுவை மடியை இலங்கை 2017-ல் சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு. நம்ம பக்கம் பாக் நீரிணையில விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு மத்த நாள்னு முறை வச்சிருக்காங்க. கடன் வாங்கிப் படகு வாங்கினவருக்கு அந்த மூணு நாள்ல மீன் பட்டாகணும். கரைப்பக்கம் மீன் குறைஞ்சா கோட்டுப் பக்கம் போவார். தப்பு யார் பேர்லன்னு ஹாஸ்டல்ல விவாதம் வச்சா ராத்திரி முழுக்கப் போகும். இந்த வள்ளத்து விளிம்புல உட்கார்ந்திருந்தப்போ எனக்குக் கேட்க மட்டும்தான் தோணுச்சு.

நீங்க போறதா இருந்தா சில விஷயம். மனோராவுக்கு வெயில் தாழப் போங்க, இல்லேன்னா காலையிலேயே போயிடுங்க. தண்ணி பாட்டிலைக் கொண்டு போன மாதிரியே திரும்பவும் கொண்டு வந்துடுங்க. மதில்ல பேரை எழுதாதீங்க. ஏற்கெனவே எழுதியிருக்கிற காதலர்கள்ல பாதிப் பேருக்கு இந்நேரம் வேற இடத்துல கல்யாணம் ஆகியிருக்கும்! கலங்கரை விளக்கத்துக்குள்ள ஏறணும்னா பார்வையாளர் நேரம் இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போங்க. அது வேலை நடக்கிற இடம். மணமேல்குடியிலயும் ஒரு கோடியக்கரை இருக்கு. பேரைப் பார்த்து வேதாரண்யம் பஸ்ல ஏறிடாதீங்க. மீன் வாங்கணும்னா கட்டுமாவடி மார்க்கெட். பேரம் பேசலாம், ரொம்பப் பேசாதீங்க. அவங்க பூமி வளைவையெல்லாம் தாண்டிப் போய்ப் பிடிச்சுட்டு வந்தது அது.

இருட்டினதும் நம்ம ஆளு என்னைக் கரைக்கு இழுத்துக்கிட்டுப் போனான். தெற்குப் பக்கம் பார்த்துக்கிட்டே நின்னோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் தூரத்துல ஒரு மினுக்கல். அவன் வாய்க்குள்ளேயே எண்ண ஆரம்பிச்சான். நானும் எண்ணினேன். பின்னால அப்பா வள்ளத்துல ஐஸ் பெட்டியை ஏத்திக்கிட்டு இருந்தார், விடியக் காலைல போகணுமாம். "எண்ணிக்கை சரியா வருதாடா?"ன்னு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"வருதுப்பா"ன்னான்.

"அப்ப சரி. போய்ச் சாப்பிடுங்க, அம்மா நண்டுக் குழம்பு வச்சிருக்கா."